11 வருடம் ஓட்டியவர் ஜி2 டெஸ்டில் ஏன் ஃபெயில் ஆனார்?

கேள்வி: கோயம்புத்தூரில் 11 வருடம் ஸ்விஃப்ட் ஓட்டியவள் நான். மாலை நேரத்து அவினாசி ரோடுகூட எனக்குப் பயமில்லை. கணவரின் வேலைக்காகக் கனடாவில் டொரன்டோவின் ஸ்கார்பரோ வந்து எட்டு மாதம் ஆகிறது. இங்கே லைசென்ஸுக்கு முதல் படியான ஜி1 எழுத்துத் தேர்வு முதல் தடவையே பாஸ். போன மாதம் அடுத்த படியான ஜி2 ரோடு டெஸ்டில் ஃபெயில் ஆகிவிட்டேன். எங்கும் இடிக்கவில்லை, யாரும் ஹாரன் அடிக்கவில்லை. முழுதாக நிறுத்தவில்லை, கண்ணாடியில் தெரியாத பிளைண்ட் ஸ்பாட்டைப் பார்க்கவில்லை, ரொம்ப மெதுவாக ஓட்டினீர்கள் என்று தாளில் குறித்திருக்கிறார்கள். அவமானமாக இருக்கிறது. கணவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. பனிக்காலம் வருவதற்குள் கார் வாங்கியாக வேண்டும். தெரிந்த டீலர் 30,000 டாலருக்கு ஓர் எஸ்யூவி காட்டுகிறார். 84 மாதம், 8 சதவீத வட்டி, இரண்டு வாரத்துக்கு 244 டாலர்தான் என்கிறார். வேறு ஊரான கிச்சனரில் இருக்கும் கணவரின் அண்ணன், தன் வீட்டு முகவரியில் இன்சூரன்ஸ் எடுத்தால் நிறைய மிச்சமாகும் என்கிறார். எதை முதலில் செய்ய? 5 வயதிலும் 2 வயதிலும் இரண்டு குழந்தைகள். அவர்களை வைத்துக்கொண்டு பனியில் ஓட்ட முடியுமா?
— பெயர் வேண்டாம், ஸ்கார்பரோ

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவமானம் என்ற சொல்லை முதலில் இறக்கி வையுங்கள். ஸ்கார்பரோவில் டிரைவிங் கற்றுக்கொடுப்பது என் தொழில். ஊரில் பத்துப் பதினைந்து வருடம் ஓட்டிவிட்டு வந்து, முதல் டெஸ்டில் நீங்கள் எழுதியிருக்கும் இதே மூன்று காரணங்களுக்காக ஃபெயில் ஆகிறவர்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன். ஓட்டத் தெரியாததால் அல்ல. ஊரில் எதைச் சாமர்த்தியம் என்கிறோமோ, அதையே இங்கே தப்பு என்று குறிக்கிறார்கள்.

கோவையில் எதிரே வருகிறவர் என்ன செய்வார் என்று நிச்சயமில்லை. ஆட்டோ திடீரென்று திரும்பும், இடது பக்கம் பைக் நுழையும். அதனால் ஊர்ந்துகொண்டே போய், இடம் கிடைத்ததும் உள்ளே புகுவதுதான் அங்கே நல்ல ஓட்டுதல். இங்கே, மற்றவர் விதிப்படிதான் வருவார் என்று நம்பி எல்லோரும் 60, 80 வேகத்தில் வருகிறார்கள். அந்த நம்பிக்கையை யாராவது ஒருவர் மீறினால் விபத்து. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தேர்வாளர் உங்கள் கைத்திறமையை அளக்கவில்லை. நீங்கள் அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்பது தெருவில் இருக்கிற மற்றவர்களுக்கு விளங்குகிறதா என்றுதான் பார்க்கிறார். இதை மனதில் வைத்துக்கொண்டு அந்தத் தாளை எடுத்துப் படித்துப் பாருங்கள்.

முதலில் ஸ்டாப். நீங்கள் நிறுத்தியதாகத்தான் நினைத்திருப்பீர்கள். வண்டி நடை வேகத்துக்கு வந்தது, இரண்டு பக்கமும் பார்த்தீர்கள், யாரும் இல்லை, போய்விட்டீர்கள். இங்கே அதற்கு ரோலிங் ஸ்டாப் என்று பெயர். டெஸ்டில் மட்டும் இல்லை, போலீஸ் பார்த்தாலும் டிக்கெட்தான். பிரேக்கை அழுத்தி வண்டி நின்றதும், முன்பக்கம் லேசாகத் தாழ்ந்து, மறுபடி பின்னால் சாய்ந்து அமரும். அந்தச் சின்ன அசைவை உங்கள் முதுகு உணரும். அது வந்தால்தான் வண்டி நின்றது என்று அர்த்தம். வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் அப்படி நின்ற பிறகு, பார்வை மறைத்தால் மெதுவாக முன்னால் வந்து மறுபடி பாருங்கள். சிவப்பு விளக்கில் வலது பக்கம் திரும்பலாம் என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அங்கேயும் இதே கதைதான். முதலில் கோட்டுக்கு முன் முழுதாக நிற்க வேண்டும். அப்புறம் இடது பக்கம் வரும் வண்டிகள், வலது பக்கம் நடந்து வருகிறவர்கள், சைக்கிள் எல்லாம் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். திரும்பக் கூடாது என்று பலகை இருந்தால் பச்சை வரும்வரை காத்திருக்க வேண்டும்.

நான்கு பக்கமும் ஸ்டாப் பலகை இருக்கும் சந்திகள் நம் குடியிருப்புத் தெருக்களில் நிறைய. யார் முதலில் வந்து நின்றாரோ அவர் முதலில் போவார். ஒரே நேரத்தில் இருவர் வந்தால் வலது பக்கம் இருப்பவருக்கு வழி. ஊரிலிருந்து வந்தவர்கள் இங்கே இரண்டு விதமாகத் தடுமாறுகிறார்கள்: முன்னால் போகும் வண்டியை ஒட்டியே தாங்களும் போய்விடுவார்கள், இல்லை மரியாதைக்காக எல்லோருக்கும் வழிவிட்டுக்கொண்டே நிற்பார்கள். உங்கள் முறை வந்தால் போய்விடுங்கள். தேவையில்லாத மரியாதையும் இங்கே மற்றவர்களைக் குழப்பும்.

பிளைண்ட் ஸ்பாட் விஷயத்தில் உங்கள் கண்ணாடிப் பார்வையில் குறை இருக்காது. தலை திரும்பவில்லை, அவ்வளவுதான். லேன் மாறும்போதும், ஓரத்திலிருந்து கிளம்பும்போதும், வலது பக்கம் திரும்பும்போதும் முகவாய் தோளுக்கு நேராக வரும் அளவுக்குத் திரும்பிப் பாருங்கள். ஒரு நொடி போதும். ஸ்டீயரிங் மட்டும் அசையக் கூடாது. நம்மூரில் பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்துத் தன்னைக் காட்டிக்கொள்வார். இங்கே அடிக்க மாட்டார். நீங்கள்தான் அவரைக் கண்டுபிடிக்க வேண்டும். இந்தப் பழக்கத்துக்குத்தான் அதிக நாள் பிடிக்கும். வீட்டு வாசலில் நிற்கும் காரில் உட்கார்ந்தே பழகலாம்.

மெதுவாகப் போவது பாதுகாப்பு என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. 60 பலகை உள்ள சாலையில், நல்ல வெயில் நாளில், முன்னால் காலியாகக் கிடக்கும்போது 42-ல் போனால் பின்னால் வருகிறவர் எரிச்சலாகி லேன் மாறுவார். ஆபத்து அங்கிருந்து ஆரம்பிக்கும். ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. வேக வரம்பு 80-க்குக் குறைவான சாலையில் வரம்பைவிட 40 கிலோமீட்டர் கூடுதலாகப் போனாலே நம் ஒன்டாரியோ மாகாணத்தில் அது ஸ்டண்ட் டிரைவிங்: அந்த இடத்திலேயே 30 நாளுக்கு லைசென்ஸ் நிறுத்தம், 14 நாளுக்கு வண்டி பறிமுதல்.

தாளில் இல்லாத சிலவற்றையும் சொல்ல வேண்டும். டெஸ்ட் பாஸான பிறகு ஆளைக் கவிழ்ப்பவை இவைதான். இங்கே வண்டி ஓட்டுவது சாலையின் வலது பக்கம். போக்குவரத்து இருக்கும்போது யாரும் ஊர்ப் பழக்கத்தில் இடது பக்கம் போய்விடுவதில்லை, முன்னால் போகிறவர் வழி காட்டிவிடுகிறார். காலியான பார்க்கிங்கிலிருந்து அதிகாலையில் வெளியே வரும்போதும், இடது பக்கம் திரும்பி முடிக்கும்போதும்தான் பழைய பழக்கம் தலை தூக்கும். ஓட்டுகிறவர் எப்போதும் சாலையின் நடுக்கோட்டுப் பக்கம் இருக்க வேண்டும். உங்கள் இடது தோளுக்கு அந்தப் பக்கம் நடைபாதை தெரிந்தால் தப்பான பக்கம் வந்துவிட்டீர்கள்.

ஹெட்லைட் அடிப்பது இன்னொன்று. கோவையில் எதிரே வருகிறவர் லைட் அடித்தால், நான் வருகிறேன், நில் என்று பொருள். இங்கே பெரும்பாலும் நீ போ என்று வழிவிடுவதற்கு அடிக்கிறார்கள். அதே சைகை, நேர் எதிர்ப் பொருள். அதனால் லைட்டை நம்பித் திரும்பாதீர்கள்; அவர் வண்டி உண்மையிலேயே வேகம் குறைகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்புங்கள். நீங்களும் யாருக்கும் லைட் அடிக்காதீர்கள்.

மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்குகளை மினுக்கி நின்றால், பின்னால் வருகிறவர் 20 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். நடுவில் தடுப்புத் திட்டு இல்லாத சாலையென்றால் எதிரே வருகிறவரும் நிற்க வேண்டும். நம்மவர்களுக்கு எதிர்ப்பக்கம் நிற்பதுதான் வழக்கமாகத் தவறுகிறது. முதல் தடவை மாட்டினாலே 400 முதல் 2,000 டாலர் வரை அபராதம், லைசென்ஸில் 6 டிமெரிட் (தண்டனை) புள்ளி. உங்கள் மூத்த குழந்தையே நாளைக்கு அந்தப் பேருந்திலிருந்து இறங்கலாம். டவுன்டவுன் போனால், கதவு திறந்து நிற்கும் ஸ்ட்ரீட்காரின் (தண்டவாளத்தில் ஓடும் டிராம்) பின்கதவுக்கு 2 மீட்டர் பின்னால் நின்றுவிடுங்கள். பயணிகள் நேராக நடுரோட்டில்தான் இறங்குவார்கள்.

கோவை ஆர்டிஓவிடமிருந்தோ டொரன்டோ இந்தியத் துணைத் தூதரகத்திடமிருந்தோ உங்கள் லைசென்ஸை உறுதிப்படுத்தும் கடிதம் வாங்கினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. ஓட்டிய அனுபவத்தில் ஒரு வருடத்துக்கு மேல் கணக்கில் சேர வேண்டுமென்றால் அந்தக் கடிதம் வேண்டும். இல்லையென்றால் அதற்கு இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். பின்னால் முழு ஜி லைசென்ஸ் எடுக்கும்போது காத்திருக்கும் காலம் குறையும். ஆனால் இப்போதைக்கு ஜி2 போதும். தனியாக ஓட்டலாம், 401 நெடுஞ்சாலையிலும் போகலாம். அதுவரை ஜி1-தான் என்பதை மறக்க வேண்டாம்: குறைந்தது நான்கு வருட அனுபவமுள்ள, முழு லைசென்ஸ் வைத்திருப்பவர் பக்கத்தில் இருக்க வேண்டும், லைசென்ஸ் பெற்ற பயிற்சியாளர் பக்கத்தில் இல்லாமல் 401 பக்கம் போகக் கூடாது. பனிக்காலத்துக்கு முன் கார் வேண்டும் என்ற அவசரத்தில் தனியாக எடுத்துவிடாதீர்கள். இந்திய லைசென்ஸை வைத்து ஓட்டும் சலுகை இங்கே குடியேறியவர்களுக்கு முதல் 60 நாள் மட்டும்தான். உங்களுக்கு அது எப்போதோ முடிந்துவிட்டது.

சரி, காருக்கு வருவோம். எதை முதலில் செய்வது என்று கேட்டீர்கள். டெஸ்டுக்கு மறுபடி தேதி எடுங்கள். அடுத்து இன்சூரன்ஸ் விலை கேளுங்கள். கார் பார்ப்பது அதற்குப் பிறகு. நம்மவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள்: காருக்கு முன்பணம் கட்டிவிட்டு, அப்புறம் இன்சூரன்ஸ் விலையைக் கேட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். ஊரில் வருடத்துக்கு ஒரு தடவை கட்டிவிட்டு மறந்துபோகும் தொகை அது. இங்கே புது லைசென்ஸ்காரருக்கு, ஸ்கார்பரோ போன்ற இடத்தில், கார் தவணையோடு போட்டி போடும் மாதச் செலவு. வீட்டு அஞ்சல் குறியீடு, லைசென்ஸ் வகுப்பு, வண்டியின் மாடல் எல்லாம் விலையை மாற்றும். சில எஸ்யூவிகள் இங்கே அதிகம் திருடு போவதால் அவற்றுக்குப் பிரீமியமும் கூடும். ஒரு கொரோலா, ஒரு சிவிக், டீலர் காட்டும் அந்த எஸ்யூவி மூன்றுக்கும் தனித்தனியாக நாலைந்து இடங்களில் விலை கேளுங்கள். அரசு அங்கீகரித்த பள்ளியில் புது ஓட்டுநர் பயிற்சி முடித்திருந்தால் தள்ளுபடி உண்டா என்றும் கேளுங்கள். கோவையில் க்ளெய்ம் இல்லாமல் ஓட்டியதற்கு உங்கள் பழைய இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். பலர் ஏற்க மாட்டார்கள், ஏற்கும் ஒருவர் கிடைத்தால் லாபம்.

சட்டப்படி மூன்றாம் தரப்புக்கு 2,00,000 டாலர் பொறுப்புக் காப்பீடு இருந்தால் போதும். அதோடு நிறுத்திவிடாதீர்கள். ஒருவருக்குப் பெரிய காயம் என்றால் அந்தத் தொகை காணாது. 10 லட்சமோ 20 லட்சமோ எடுத்துக்கொள்ளுங்கள். உயர்த்துவதற்குக் கூடும் பிரீமியம் பெரும்பாலும் கொஞ்சம்தான்.

கிச்சனர் முகவரி விஷயத்தில் நான் சுற்றி வளைக்க மாட்டேன். வேண்டாம். உங்கள் கணவரின் அண்ணன் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், நம் சமூகத்தில் பலர் இதைச் சாதாரணமாகச் செய்யவும் செய்கிறார்கள். ஆனால் இன்சூரன்ஸுக்கான பரிசோதனை விபத்து நடந்த அன்றைக்குத்தான். வண்டி இரவில் எங்கே நிற்கிறது, குழந்தைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்று ஒரு விசாரணையாளர் கேட்க ஆரம்பித்தால் அரை மணி நேரத்தில் உண்மை வெளியே வந்துவிடும். க்ளெய்மை மறுக்கலாம், பாலிசியை ரத்து செய்யலாம். தவறான தகவலுக்காக ரத்தான பாலிசி ஒன்று உங்கள் பெயரில் பதிவானால், அடுத்து வரும் நிறுவனம் கேட்கும் விலையில் மிச்சம் பிடித்ததெல்லாம் கரைந்துபோகும். அவர் பெயரில் கார் வாங்கி நீங்கள் ஓட்டுவதும் இதே வகைதான். தினமும் ஓட்டுகிறவர் யார் என்று உண்மையைச் சொல்லியாக வேண்டும். வாட்ஸ்அப்பில் பாதி விலைக்கு இன்சூரன்ஸ் சீட்டு அனுப்புகிறவர்களிடமும் போகாதீர்கள். அந்தச் சீட்டு போலியாக இருந்தால் நீங்கள் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியவர் ஆகிவிடுவீர்கள். அதற்கு முதல் தடவை அபராதமே 5,000 டாலரிலிருந்து 25,000 டாலர் வரை.

இப்போது அந்த 244 டாலர். 30,000 டாலர் காருக்கு 13 சதவீத எச்எஸ்டி (விற்பனை வரி) சேர்த்தால் 33,900. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை என்றால் வருடத்துக்கு 26 தவணை. மாதக் கணக்கில் கிட்டத்தட்ட 528 டாலர். 84 மாதத்தில் மொத்தம் 44,000 டாலருக்கு மேல் கட்டுவீர்கள். வட்டி மட்டும் 10,000 டாலரைத் தாண்டும். இடையில் வேலை மாறி வேறு ஊர் போக நேர்ந்தால், முதல் சில வருடங்களில் வண்டியின் சந்தை விலையைவிடக் கடன் அதிகமாக இருக்கும். விற்றாலும் கையிலிருந்து போட வேண்டி வரும். கடனில் வாங்கிய வண்டிக்கு முழுக் காப்பீடு வேண்டும் என்று கடன் கொடுப்பவர் கேட்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட்டால் யோசித்துத் திருப்பித் தரலாம் என்று நினைக்காதீர்கள். ஒன்டாரியோவில் டீலரிடம் வாங்கிய காருக்கு அப்படியொரு அவகாசம் சட்டத்தில் இல்லை. வந்த முதல் வருடத்தில் பழைய, சின்ன, எங்கும் உதிரிபாகம் கிடைக்கிற கார் ஒன்றை, கையிலிருக்கும் பணத்தில் முடிந்தவரை கட்டி வாங்குவதையே நான் சொல்வேன். முதல் பனிக்காலத்தில் எங்காவது உரசத்தான் போகிறது.

பழைய கார் வாங்குவதில் இரண்டு வழி. டீலரென்றால், கார் டீலர்களைக் கண்காணிக்கும் ஓம்விக் அமைப்பில் பதிவு உள்ளவரா என்று பாருங்கள். அவர்கள் விளம்பரம் செய்யும் விலையில், எச்எஸ்டியும் பதிவுக் கட்டணமும் தவிர எல்லாம் அடங்கியிருக்க வேண்டும். தனியாரிடமென்றால், யூசுடு வெஹிக்கிள் இன்ஃபர்மேஷன் பேக்கேஜ் என்ற தாள்கட்டை விற்பவர் தந்தாக வேண்டும். சர்வீஸ் ஒன்டாரியோ என்ற அரசு சேவை மையத்தில் 20 டாலர். வண்டி யார் யார் கையில் இருந்தது, அதன்மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்பது அதில் தெரியும். கடன் பாக்கியுள்ள வண்டியை வாங்கினால் கடன்காரர் உங்களிடமிருந்தே அதைத் தூக்கிக்கொண்டு போகலாம். விற்பவர் பெயரும் ஓனர்ஷிப் தாளில் உள்ள பெயரும் வேறாக இருந்து, இது என் மச்சான் வண்டி என்று மால் பார்க்கிங்கில் வைத்துக் கதை சொன்னால் அங்கிருந்து வந்துவிடுங்கள். பெயர் மாற்றும்போது 13 சதவீத வரி உண்டு. விலையைக் குறைத்து எழுதினாலும் வண்டியின் மொத்த விற்பனை (ஹோல்சேல்) மதிப்பு அதிகமென்றால் அதன்மேல்தான் வரி போடுவார்கள்.

சேஃப்டி சர்டிஃபிகேட் இருக்கிறது, பயமில்லை என்பார்கள். 36 நாள் செல்லும் அந்தத் தாள், பரிசோதித்த அன்று வண்டி குறைந்தபட்ச பாதுகாப்புத் தரத்தில் இருந்தது என்று மட்டுமே சொல்கிறது. இன்ஜினைப் பற்றியோ கியர்பாக்ஸைப் பற்றியோ அது உறுதி எதுவும் தருவதில்லை. உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் காசு கொடுத்து, வண்டியை மேலே தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கோவை வண்டிகளில் நாம் பார்க்காத எதிரி இங்கே துருதான். பனிக்குச் சாலையில் உப்புத் தூவுகிறார்கள், அது அடிப்பாகத்தைத் தின்றுவிடுகிறது. வாங்கப்போகும் வண்டியின் கதவைத் திறந்து, வாசற்படி போல ஓடும் அந்தத் தகட்டின் கீழ்விளிம்பைக் கையால் தடவுங்கள். பெயின்ட் கொப்புளம் தட்டுப்பட்டால், உள்ளே துரு ஆரம்பித்துவிட்டது. டிக்கியில் பாயைத் தூக்கி, ஸ்டெப்னி இருக்கும் குழியையும் பாருங்கள். ஈரமோ சேறோ இருந்தால் எங்கோ ஒழுகுகிறது, இல்லை பின்னால் ஒரு இடி வாங்கியிருக்கிறது.

பனியைப் பற்றி உங்களுக்கு இருக்கும் பயம் நியாயமானது. பயம் இல்லாதவர்களைப் பார்த்துத்தான் எனக்குக் கவலை. வின்டர் டயர் ஒன்டாரியோவில் கட்டாயமில்லை. இருந்தாலும் வாங்கியே ஆகுங்கள், நான்கு சக்கரத்துக்கும். வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் விறைத்துப் பிடிப்புக் குறையும். பனி விழுந்த பிறகுதான் தேவை என்று இல்லை. கார் பட்ஜெட்டிலேயே டயருக்கும் பணம் ஒதுக்குங்கள். வின்டர் டயர் போட்டால் இங்கே இன்சூரன்ஸ் நிறுவனங்கள் தள்ளுபடி தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். ஆல் வீல் டிரைவ் இருக்கிறது, இது போதும் என்று டீலர் சொன்னால் நம்பாதீர்கள். அது கிளம்ப உதவும், நிற்க உதவாது. பனியில் ஆள் மாட்டுவது நிற்க முடியாமல்தான்.

முதல் பனி விழுந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பெரிய காலி பார்க்கிங்குக்கு, பயிற்சியாளரோடு போய் 20 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை ஓங்கி அழுத்திப் பாருங்கள். கால் அடியில் பெடல் தடதடவென்று அதிரும். அது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்வது. பயந்து காலை எடுக்காமல் அழுத்தியே வைத்திருங்கள். பிரேக் அழுத்தாமல் போகும்போது வண்டி பக்கவாட்டில் வழுக்கினால், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, எங்கே போக வேண்டுமோ அங்கே பார்த்து மெதுவாகத் திருப்புங்கள். இதை ஒரு தடவை உடம்பு உணர்ந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். பாலங்கள் சாலைக்கு முன்பே உறைந்துவிடும் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஈரமாகத் தெரியும் கருப்பு ரோடு கண்ணாடிப் பனியாக இருக்கலாம். கூரைமேல் உள்ள பனியை முழுதும் தள்ளிவிட்டுக் கிளம்புங்கள். இல்லையென்றால் முதல் பிரேக்கிலேயே அது சரிந்து முன்கண்ணாடியை மூடும்.

குழந்தைகளோடு ஓட்டலாம். ஆனால் உங்களுக்கு முதல் பனிக்காலமாக இருப்பதால், அவசரமில்லாத நாளில் பெரும்பனி அறிவிப்பு வந்தால் பஸ்ஸிலேயே போங்கள். யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள். சைல்ட் சீட் ஊரிலிருந்து கொண்டுவந்ததாக இருந்தால் அதைப் பயன்படுத்தாதீர்கள். கனடாவின் தேசியப் பாதுகாப்பு முத்திரை ஒட்டியதுதான் இங்கே செல்லும். 5 வயதுக் குழந்தைக்கு எடையைப் பொறுத்து, 18 கிலோவுக்கு மேல் இருந்தால் பூஸ்டர் சீட். அப்புறம் தடிமனான ஸ்னோ ஜாக்கெட்டோடு குழந்தையைச் சீட்டில் மாட்டாதீர்கள். பெல்ட் இறுக்கமாக இருப்பதுபோலத் தெரியும். இடிபட்டால் ஜாக்கெட் அமுங்கி, பெல்ட் தளர்ந்துபோகும். ஜாக்கெட்டைக் கழற்றி, மெல்லிய ஸ்வெட்டரோடு பெல்ட்டை மாட்டி, தோள் பட்டையை விரலால் கிள்ளிப் பாருங்கள். துணி கிள்ளலில் சிக்காத அளவுக்கு இறுக்க வேண்டும். ஜாக்கெட்டை அதன்மேல் போர்த்திவிடுங்கள்.